பாட்டிலிருந்து எழுத்துக்கு: தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சி நடந்து வந்த பாதை

நமது முன்னாள் மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, எதை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கவிதை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதவும் ஆள் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சின்னப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது. அதையும் எவ்வளவு தூரம் தெரிந்துகொண்டு செய்தேன் என்பது வேறு விஷயம். அந்த வேறு விஷயத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கிப் பார்த்தேன். 1980-களின் தொடக்கத்தில் நாம் இங்கே பயிற்சி பெற்றபோது எழுதிய கல்வி உளவியல் நோட்டு கிடைத்தது. அதில் ஒரு பக்கத்தில், "விளையாட்டு முறை – கால்டுவெல் குக் – நன்மைகள் பத்து" என்று தலைப்பிட்டு, பத்தையும் வரிசையாக எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடு இட்டிருக்கிறேன். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. பத்து நன்மைகளையும் பிழையில்லாமல் எழுதினேன். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் அந்தப் பாடவேளையில் ஒரு விளையாட்டுக்கூட நாம் விளையாடவில்லை. விளையாட்டு முறையை டிக்டேஷனாக எழுதிக்கொண்ட தலைமுறை நாம். கால்டுவெல் குக் 1917-இல் தம் நூலை எழுதியபோது கேம்பிரிட்ஜில் பெரிய பையன்களுக்கு நாடகம் வழியாக ஆங்கில இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தவர். அ, ஆ சொல்லிக் கொடுத்தவர் அல்லர். இதுவே எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தரப்பட்டிருந்தது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் தேடத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு பாட்டி. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பஸ் போர்டு

1996. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியாகக் கற்பித்தல் என்ற பேச்சு அப்போது பள்ளிகளுக்குள் நுழைந்துவிட்டது. எங்களுக்கும் ஐந்து நாள் பயிற்சி நடந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல பயிற்சி. நாற்காலிகளை ஓரமாகப் போட்டுவிட்டு வட்டமாக நிற்கச் சொன்னார்கள். ஐம்பது வயதுத் தலைமையாசிரியர்கள் யானை மாதிரி ஆடி நடந்தார்கள். முதல் நாள் கூச்சம். மூன்றாம் நாள் யாருக்கும் கூச்சமில்லை. நாற்பது பாட்டுகளை நோட்டில் எழுதிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன்.

பள்ளியே மாறிப் போனது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காணாமல் போகிறவர்கள்கூட உட்கார்ந்தார்கள். பாட்டையெல்லாம் சார்ட்டில் எழுதிச் சுவரில் மாட்டினேன். பார்வையிட வந்த அதிகாரி ஒரு சிறுமியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். இரண்டாம் வகுப்பு. விரலை வைத்துக் கடகடவென்று முழுப் பாட்டையும் ஒப்பித்தாள். அதிகாரி பார்வைக் குறிப்பேட்டில் பாராட்டி எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவளுடைய பாட்டி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"சார், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க ஆத்தா."

"பேத்தி வீட்டுல பொஸ்தகத்தைத் தொறந்து பூராம் வாசிக்குது. ஆனா பஸ் போர்டு படிக்கத் தெரியல. அறந்தாங்கி வண்டின்னு நாந்தான் சொல்ல வேண்டியிருக்கு."

"சின்னப் புள்ளதானே ஆத்தா, வந்துரும்."

"இல்ல சார். நான் அறிவொளியில படிச்சவ. எனக்கு மெதுவாத்தான் வரும். ஆனா எழுத்தப் பாத்தாத்தான் வரும். இவளுக்குப் பாக்காமலே வருது."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அன்று மாலை அந்தச் சிறுமியைச் சார்ட்டின் முன்னால் நிறுத்தி, பாட்டின் நடுவிலிருந்து ஒரு சொல்லை மட்டும் காட்டிக் கேட்டேன். பேசாமல் நின்றாள். பிறகு மெதுவாக முதல் வரியிலிருந்து பாடிக்கொண்டு வந்து, அந்த இடம் வந்ததும் நிறுத்திச் சொன்னாள். மற்றப் பிள்ளைகளையும் கேட்டேன். பாதிப் பேர் அப்படித்தான். நாற்பது பாட்டு தெரிந்த வகுப்பு, நான்கு சொல் வாசிக்கத் தெரியாத வகுப்பு.

பாட்டு தப்பா? பாட்டில்லாமல் முன்பு நான் நடத்திய வகுப்பு இதைவிட மோசம். அப்படியானால் எங்கே விட்டோம்? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய புத்தகங்களின் பக்கம் தள்ளியது.

மணலும் குரலும்

விளையாட்டும் பாட்டும் வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படிப்பே குரலில்தான் இருந்தது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி எல்லாமே ஓசையோடு சொல்லி மனத்தில் ஏற்றியவை. அகர வரிசையிலேயே ஒவ்வொரு வரியும் தொடங்குவதால் ஆத்திசூடியே எழுத்தை நினைவு வைத்துக்கொள்ள ஒரு பாட்டு. அண்ணாவி முன்னால் சொல்ல, சட்டாம்பிள்ளை திருப்பிச் சொல்ல, பிள்ளைகள் கூட்டமாகச் சொல்வார்கள். எழுத்தைத் தரையில் மணல் பரப்பி விரலால் எழுதுவார்கள். எழுதும்போதே அந்த எழுத்தின் ஓசையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போக முடியாது.

இந்தப் பள்ளிகள் எத்தனை இருந்தன? சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. திண்ணையைப் புகழும்போது இந்த எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறிவொளிப் பாட்டியின் பாட்டிக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை.

இந்த மணல் எழுத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பயணமும் உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தைக் கவனித்து வந்தார். ஒரு நாள் வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியில் கடைசி வகுப்பு உதவி ஆசிரியரிடம் இப்படிச் செய்து பாருங்கள் என்றார். அது நடக்காது என்று அவர் சொல்லிவிட்டார். பெல் என்ன செய்தார் தெரியுமா? அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுச் சிறுவனிடம் கொடுத்தார். அவன் செய்து காட்டினான். பெல் ஊர் திரும்பி 1797-இல் இலண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லித் தரும் அந்த ஏற்பாடு இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

இந்தச் சம்பவத்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று. புதிய முறையை ஏற்க மறுத்தவர் வளர்ந்த ஆசிரியர். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவது தம் வேலைக்கு இழுக்கு என்று அவர் நினைத்திருக்கலாம். யாரும் அவரைத் தரையில் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, சொல்ல மட்டும் சொன்னார்கள். ஆசிரியர் பயிற்சியின் முழு வரலாறும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது.

நார்மல் ஸ்கூல்

சென்னையில் அரசாங்கம் 1856-இல் ஆசிரியர்களுக்கென்று ஒரு நார்மல் ஸ்கூல் தொடங்கியது. அதுவே பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. பாடக்குறிப்பு, செயல்விளக்க வகுப்பு, கற்பித்தல் துணைக்கருவி போன்ற நம் சொற்களெல்லாம் இந்த வழியில் வந்தவை. நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் அதே நூற்றாண்டின் பிற்பாதியில் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்க ஒரு விதி வந்தது: இன்ஸ்பெக்டர் வந்து தேர்வு வைத்து, எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்கேற்பப் பணம். திண்ணைப் பள்ளிகள் பலவும் இந்த வலைக்குள் வந்தன.

வாத்தியார் வீட்டு அடுப்பு இன்ஸ்பெக்டர் தேர்வை நம்பி எரியும்போது அவர் என்ன செய்வார்? தேர்வுக்கு வரும் பகுதியை மனப்பாடம் செய்ய வைப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பிள்ளை புத்தகத்தைப் பார்த்தபடி ஒப்பித்தால் அது வாசிப்பா, ஞாபகமா என்று ஒரு நாள் வந்து போகிறவருக்கு எப்படித் தெரியும்? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்த மானிய விதி கைவிடப்பட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. 1996-இல் என் பள்ளிக்கு வந்த அதிகாரி ஏமாந்ததும், நானே ஏமாந்ததும் அந்தப் பழைய பாதையில்தான்.

ஓலைக் கொட்டகையில் ஒரு பயிற்சி

பயிற்சி என்றால் வேறு மாதிரியும் இருக்கலாம் என்று காட்டியவர்களும் உண்டு. குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா (1885–1939) வக்கீல் வேலையை விட்டுவிட்டுப் பாவ்நகரில் 1920-இல் தட்சிணாமூர்த்தி பால மந்திரைத் தொடங்கினார். அவருடைய 'திவாஸ்வப்னா' தமிழிலும் 'பகல் கனவு' என்று வந்திருக்கிறது. படிக்காதவர்கள் படியுங்கள். அதில் வரும் ஆசிரியர் முதல் நாள் புத்தகத்தில் படித்த அமைதி விளையாட்டைச் செய்து பார்க்கிறார். வகுப்பு கூச்சலாகி முடிகிறது. மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார், பிள்ளைகள் வசமாகிறார்கள். விளையாட்டே ஆனாலும், பிள்ளையைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்து நடத்தினால் தோற்கும். கிஜுபாய் அதை ஒளிக்காமல் எழுதினார்.

அவர் மறைந்த அதே 1939-ஆம் ஆண்டு நவம்பரில் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை வந்து இறங்கினார். அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பு. அப்போது அவருக்கு 69 வயது. ஓலைக் கொட்டகைகள் போட்டுப் பயிற்சி நடந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் 300 பேருக்கு மேல். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவைச் சிறை வைத்தார்கள். அம்மையாரின் 70-ஆம் பிறந்த நாளான ஆகஸ்டு 31-இல் அவரை விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலில் இருந்தபடி வேலையைத் தொடர்ந்து, 1946-இல்தான் அம்மையார் ஐரோப்பா திரும்பினார்.

அவருடைய சாதனங்களில் ஒன்று உப்புத்தாள் எழுத்து. எழுத்தின் வடிவத்தை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டியிருப்பார்கள். பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே அந்த எழுத்தின் ஓசையைச் சொல்ல வேண்டும். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தேன். நம் திண்ணை மணலில் நடந்ததும் இதுவேதான்! ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. பிள்ளையைக் கவனித்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். விரலும் குரலும் ஒன்றாகப் போக வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள். அங்கே பயிற்சிக்கு வந்தவர்கள் அந்தச் சாதனங்களைத் தாங்களே கையாண்டு பழகினார்கள். டிக்டேஷன் மட்டுமில்லை.

பாட்டுக்கும் பஞ்சமில்லை. பாரதியின் 'பாப்பா பாட்டு' நமக்கு முன்பே இருந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதியதோடு, நாகர்கோவிலில் போதனாமுறைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா 1944-இல் 'மலரும் உள்ளம்' வெளியிட்டார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்காக எழுதினார். ஆக, பாட்டும் இருந்தது, விளையாட்டும் இருந்தது, முறையும் இருந்தது. மூன்றையும் சேர்த்து ஒரு சாதாரண இடைநிலை ஆசிரியரின் கையில் கொடுக்கும் ஏற்பாடுதான் இல்லை.

பீரோவும் வட்டமும்

1986-இல் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. அடுத்த ஆண்டு கரும்பலகைத் திட்டம் தொடங்கியது. மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாயின. எங்கள் பள்ளிக்கும் ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் வந்தது. வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினோம். உடைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? அந்தச் சாவியை வைத்திருந்தவன் நான்தான். வருடத்துக்கு ஒரு முறை துடைத்து வைத்தேன். பிள்ளைகள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

அந்த உறக்கத்தைக் கலைத்தது பள்ளிக்கூடம் அல்ல, தெரு. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்து 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் கல்குவாரியில் வேலை செய்த பெண்கள்வரை எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் பாட்டும் நாடகமும் நடத்தின. இராத்திரி அரிக்கேன் விளக்கில் வகுப்பு. அங்கே தொண்டர்களாக இருந்த இளைஞர்களுக்குப் பட்டயமும் இல்லை, பாடக்குறிப்பும் இல்லை. ஆனால் பாடினார்கள். நம்மில் பலர் அந்த வகுப்புகளில் போய் உட்கார்ந்து வெட்கப்பட்டோம்.

அறிவொளியில் பாட்டு ஆளைக் கூட்டியது. எழுத்தைக் கற்பித்தது பாட்டு அல்ல. எழுத்துக்கென்று தனி நேரம் இருந்தது. பெரியவர்களுக்கு அன்றாடம் தெரிந்த ஒரு சொல்லை எடுத்து, அதைப் பற்றிப் பேசி, அந்தச் சொல்லை உடைத்து எழுத்தைக் காட்டி, அதே எழுத்துகளைச் சேர்த்து வேறு சொல் உண்டாக்குவார்கள். பஸ் போர்டுப் பாட்டிக்கு இது தெரிந்திருந்தது. பயிற்சி பெற்ற எனக்குத் தெரியவில்லை. ஐந்து நாள் பயிற்சியில் பாதியைத்தான் கற்று வந்திருந்தேன். பாடக் கற்றேன், பாட்டிலிருந்து எழுத்துக்கு இறங்கும் படிக்கட்டைக் கேட்க மறந்தேன்.

புளி மூட்டை

அதன்பின் நாற்பது பாட்டில் முப்பத்தொன்பதை ஓரமாக வைத்தேன். நானே ஒரு சின்னப் பாட்டுக் கட்டினேன். இலக்கியம் ஒன்றும் இல்லை. வண்டி வருது, மூட்டை கொண்டு வருது, என்ன மூட்டை, புளி மூட்டை – அவ்வளவுதான். ஒரு மாதம் அந்த ஒரு பாட்டோடு கிடந்தோம்.

முதல் மூன்று நாள் ஆட்டம் மட்டும். பிறகு கரும்பலகையில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு சொல்லாகக் குச்சியால் தொட்டுத் தொட்டு மெதுவாகப் பாடினோம். குச்சி நின்றால் பாட்டும் நிற்க வேண்டும். இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. வேண்டுமென்றே நடுவில் நிறுத்துவேன். அடுத்து அதே சொற்களைச் சொல் அட்டைகளாக எழுதிக் கலைத்துப் போட்டு, வரிசையாக அடுக்கச் சொன்னேன். அடுத்து கைதட்டல். வண் – டி, மூட் – டை என்று அசைக்கு ஒரு தட்டு. காதுக்கு ஓசை பிரிந்த பிறகுதான் கண்ணுக்கு எழுத்து பிரிகிறது. அப்புறம் முற்றத்தில் பாண்டி ஆட்டம். கட்டத்துக்குள் எண்ணுக்குப் பதில் எழுத்து. சில்லு விழுந்த எழுத்தைச் சொல்லி, அந்த எழுத்தில் ஒரு சொல்லும் சொன்னால்தான் நொண்டி அடிக்கலாம். வாசல் ஓரத்தில் ஆற்று மணல் கொட்டி வைத்தேன். விரலால் எழுது, வாயால் சொல்.

கடைசிப் படிதான் முக்கியம். பாட்டில் ஒரு சொல்லை மாற்றி எழுதுவது. புளி மூட்டை இருந்த இடத்தில் மிளகாய் மூட்டை. ஒரு நாள் வெங்காயம், ஒரு நாள் கடலை. ஞாபகத்தில் பாடுகிற பிள்ளை பழைய சொல்லையே பாடிவிடும். எழுத்தைப் பார்க்கிற பிள்ளை தடுக்கி நிற்கும். தடுக்கி நிற்பதுதான் நமக்கு வேண்டியது. அந்த இடத்தில்தான் வாசிப்புத் தொடங்குகிறது.

ஒரு திங்கட்கிழமை, ஒன்றும் சொல்லாமல் 'புலி மூட்டை' என்று எழுதினேன். வகுப்பு முழுவதும் வழக்கம்போல் புளி மூட்டை என்று பாடிக்கொண்டு போனது. அந்தச் சிறுமி மட்டும் நிறுத்திவிட்டாள். கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்து அந்த எழுத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"சார், புலிய எப்படி சார் மூட்டை கட்டுவாக?"

வகுப்பே சிரித்தது. நான் திரும்பி நின்று கரும்பலகையை அழிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன். பத்து வருடச் சர்வீஸில் முதல் முறையாக ஒரு பிள்ளை என் கண்முன்னால் வாசிக்கத் தொடங்குவதைப் பார்த்தேன்.

சில வாரம் கழித்து அவள் பாட்டியைக் கடைத்தெருவில் பார்த்தேன். "பஸ் போர்டு எப்படி ஆத்தா?" என்றேன்.

"ஒவ்வொரு எழுத்தா கூட்டுறா சார். முடிக்கிறதுக்குள்ள வண்டி போயிருது. ஆனா பாத்துத்தான் வாசிக்கிறா" என்றார். எந்த அதிகாரியும் என் குறிப்பேட்டில் அப்படி ஒரு நற்சான்று எழுதியதில்லை.

அட்டையும் ஏணியும்

நான் தட்டித் தடுமாறிக் கண்டதை அதே காலத்தில் மற்ற இடங்களில் ஒழுங்காகவே செய்துகொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆந்திரத்து ரிஷிவேலியில் பத்மநாப ராவ், ரமா தம்பதியர் சுற்றுக் கிராமப் பள்ளிகளுக்காகப் படிப்பைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, படிப்படியாக ஏறும் ஏணி ஒன்றை உருவாக்கினார்கள். கர்நாடகத்தில் ஹெக்கடதேவனகோட்டை ஆசிரியர்கள் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1995-இல் 'நலி கலி' என்று தங்கள் முறையைத் தாங்களே உருவாக்கினார்கள். ஆடிக் கற்றுக்கொள் என்பது அந்தப் பெயரின் பொருள். மேலிருந்து வந்த சுற்றறிக்கையோடு தொடங்கவில்லை. ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து பாட்டும் அட்டையும் தயாரித்தார்கள். அதனால்தான் வேரூன்றியது.

நம் மாநிலத்தில் 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார். அங்குள்ள ஆசிரியர்களும் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்துப் பழகி வந்தவர்கள். 2007-08-இல் அது மாநிலம் முழுவதற்கும் வந்தது. பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, வரைந்த படங்களைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், அட்டைகள் வைக்கத் தட்டுகள், சுவரில் ஏணிப்படி. ஆசிரியர் பாயில் உட்கார வேண்டும். பெல் சொல்லி அந்த உதவி ஆசிரியர் மறுத்தாரே, அந்தத் தரைக்கு நாம் வந்து சேர ஏறத்தாழ இருநூறு வருடம் ஆயிற்று!

அந்தக் காலத்தில் குறுவள மையங்களில் நான் கருத்தாளராக இருந்தேன். 13 பள்ளியில் நன்றாக நடந்தது ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் போகும்போது நடுவில் என்ன சிந்துகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். முதல் நிலையில் பயிற்சி பெற்றவர் பாடினார். அவரிடம் பயின்றவர் பாட்டைப் படித்துக் காட்டினார். அவரிடம் பயின்றவர் பாட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். கடைசியில் இருக்கும் ஓராசிரியர் பள்ளி ஆசிரியருக்கு அட்டை எண் மட்டும் மிஞ்சியது. சில பள்ளிகளில் அந்த அட்டைகளும் பீரோவுக்குள் போயின. என் பழைய சாவி எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு முறை சில தடவை மாறியது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த இடைவெளியில் பிள்ளைகள் இழந்ததைச் சரிசெய்ய, 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 2025-க்குள் 8 வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள். பாட்டு, பொம்மலாட்டம், விளையாட்டு எல்லாம் உண்டு. ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி வருடத்தில் நானும் அந்தப் பயிற்சியில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த இளம் ஆசிரியை அழகாகப் பாடினார். "வகுப்பில் பாடுவீர்களா அம்மா?" என்று கேட்டேன். "வீடியோ இருக்கே சார், செல்போன்ல போட்டுருவேன்" என்றார்.

செல்போன் நன்றாகத்தான் பாடும். குச்சி நிற்கும் இடத்தில் நிற்க அதற்குத் தெரியாது. எந்தப் பிள்ளையின் வாய் அசைகிறது, எந்தப் பிள்ளையின் கண் எழுத்தில் இருக்கிறது என்று பார்க்கவும் தெரியாது.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை

இப்போது நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் நோட்டிலும் விளையாட்டு முறையின் நன்மைகள் இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள், தேர்வுக்கு வேண்டும். ஆனால் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் முன் மூன்று காரியம் செய்து பாருங்கள். ஒன்று, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் ஓர் ஆட்டத்தை அவர்களோடு சேர்ந்து ஆடுங்கள். இரண்டு, நீங்களே நாலு வரி கட்டுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டால் பரவாயில்லை, என் குரலைக் கேட்டவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் இருக்கிறார்கள். மூன்று, பிள்ளை நன்றாகப் பாடிவிட்டால் அங்கே நிறுத்திவிடாதீர்கள். ஒரு சொல்லை மாற்றி எழுதிப் பாருங்கள். பிள்ளை தடுக்குகிறதா என்று பாருங்கள்.

நமது நிறுவனத்தின் பழைய ஆலமரத்தடியில் இந்த ஆண்டுச் சந்திப்பு நடக்கும்போது, முடிந்தால் ஒரு பாண்டிக் கட்டம் போட்டு வையுங்கள். உள்ளே எழுத்துகளை நான் எழுதுகிறேன். முட்டி வலி இருக்கிறவர்கள் சில்லு மட்டும் போடலாம்.